ஒரே ஒரு டப்பாவுக்கு இடமுள்ள மேசை

வெர்லா ஸ்டென்சனின் வலது கண் எப்படிப் போனது என்று எங்கள் ஊரில் கேட்டால், துப்பாக்கி வெடித்துவிட்டது என்பார்கள். அவளையே கேட்டால், "என் மேசையாலதான்" என்பாள். நானும் அவளும் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர்கள். அன்றைக்குச் சுடும் மைதானத்தில் அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அவள் சொல்வதுதான் சரி.

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தில் எங்கள் பக்கத்துக் கார் ஷெட்டுகளில் பாதிக்குப் பாதி அந்த மேசை இருக்கும். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, புது வெடிமருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்கும் மேசை. அப்போதெல்லாம் வெர்லாவின் மேசையும் மற்றவர்களுடையதைப் போலத்தான் கிடந்தது. காபிக் கோப்பை, ரேடியோ, நாய்க்கு வாங்கிய மாத்திரை, ஒரு மான் கொம்பு. இவற்றுக்கு நடுவே திறந்தபடி இரண்டு மருந்து டப்பாக்கள். ஒன்று கைத்துப்பாக்கிக்கு, சட்டென்று எரிந்து தீர்வது. மற்றது வேட்டைத் துப்பாக்கிக்கு, நிதானமாக எரிவது. பார்வைக்கு இரண்டும் கறுப்புத் தூள்தான்.

அளக்கும் குடுவையில் கைத்துப்பாக்கி மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தபோது போன் வந்திருக்கிறது. பேசிவிட்டு வந்தவள், குடுவையைக் காலி செய்யாமல் மற்ற மருந்தை அதன்மேலேயே கொட்டிவிட்டாள். அடுத்த வாரம், வேட்டைப் பருவத்துக்குச் சற்று முன், மைதானத்தில் ஏழாவது தோட்டா சுட்டபோது, சட்டென்று எரிந்த மருந்தின் அழுத்தம் தாங்காமல் வேட்டைத் துப்பாக்கியின் பின்பக்கம் பிளந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டவள் முதலில் கேட்டது, "வேற யாருக்காவது பட்டுதா?" என்றுதான்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கணவன் ஆர்லோ மேசை, துப்பாக்கி எல்லாவற்றையும் விற்றுவிட நாள் பார்த்தான். தண்ணீர்க் குழாய் வேலை செய்பவன், சாதுவான ஆள். "உசுரு மிஞ்சினதே பெரிசு. இன்னமும் உனக்கு எதுக்கு இது?" என்றான்.

"நீ வித்தா நான் வேற வாங்குவேன் ஆர்லோ. தப்பு பண்ணது நான். துடைக்கிறதும் நான்தான்."

மேசையில் இருந்த அத்தனையையும் கீழே இறக்கினாள். எதோடு எது கலந்ததென்று தெரியாத மருந்தையெல்லாம் புல்தரையில் உரம் போல மெல்லிசாகத் தூவினாள். செய்து வைத்திருந்த நானூறு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு துகள் சிந்தினாலும் கண்ணில் படவேண்டும் என்று மேசைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தாள். அதற்குப் பிறகு அந்த மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான். மற்றவை எதிர்ச்சுவர் அலமாரியில், பெயர் எழுதிப் பூட்டியிருக்கும். எழுந்திருப்பதற்கு முன் குடுவை காலியாகியிருக்க வேண்டும். வீடே பற்றி எரிந்தாலும் சரி என்பாள். துடைப்பம் ஈயத்தூளைக் கிளப்பிவிடும் என்று ஈரத் துணியால் மட்டுமே துடைப்பாள். கை கழுவாமல் ரொட்டியைத் தொடமாட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெறும் துப்பாக்கியை இடது தோளில் வைத்து, மிச்சமிருந்த இடது கண்ணால் சுவரைக் குறிபார்த்துப் பழகினாள். வசந்தத்தில் மைதானத்துக்கு வந்தபோது குண்டுகள் எல்லாம் மண்ணில்தான் போய் விழுந்தன. ஆண்கள் பார்க்காதது போல நின்றார்கள். "பாக்கணும்னா பாருங்க, வெக்கமா எனக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் போட்டாள்.

மூன்று வருஷத்தில் எங்கள் சுடும் கிளப்பின் அணியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அணித் தலைவன் டெல்மர் ப்ரூட். எங்கள் மாவட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லை. மாநிலப் போட்டிக்கு முந்திய பிப்ரவரியில், அவள் ஷெட்டில் ஹீட்டர் இருக்கிறதென்று எல்லாரும் அங்கேதான் தோட்டா செய்யப் போனோம். டெல்மர் ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் ஜாம் பாட்டிலுமாக வந்தான். பாட்டிலில் பாதி மருந்து, மேலே பெயர் எதுவும் இல்லை.

"இது என்ன மருந்து?" என்றாள் வெர்லா.

"எனக்குத் தெரியும். போதாதா?"

"போதாது. வெளிய கொண்டுபோ. காபியையும்."

அவன் சிரித்தபடி மற்றவர்களைப் பார்த்தான். "செருப்பைக் கழட்டணுமா டாக்டரம்மா? கையுறை போடணுமா?"

"உன் ஷெட்டுல நீ என்ன வேணா பண்ணிக்கோ டெல்மர். இது என் ஷெட்டு."

அவன் போனான். மறுநாள் அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வெர்லா தனி ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

ஜூனில் போட்டி, இரண்டு நாள். முதல் நாள் முடிவில் டெல்மர் முதலிடம், வெர்லா ஆறாவது. அன்றைக்கு ராத்திரி எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெல்மர் தட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"ஜாம் பாட்டில் மருந்துதான் போட்டேன். பாத்துக்கோ, ரெண்டு கண்ணும் இருக்கு."

வெர்லா வாயில் இருந்ததை மென்று முடித்தாள். "எனக்கும் அந்த ஏழாவது தோட்டா வரைக்கும் இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் அவளுக்குக் கொடுத்திருந்த இடம் டெல்மருக்கு அடுத்தது. மைதான அதிகாரியிடம் போய், எல்லார் காதிலும் விழும்படி, கடைக்கோடி இடத்தைக் கேட்டாள். அங்கே குறுக்குக் காற்று அடிக்கும், யாரும் கேட்டு வாங்குவதில்லை, மதிப்பெண் போய்விடும் என்று அவர் எடுத்துச் சொன்னார். "தெரியும். பெயர் இல்லாத மருந்துக்குப் பக்கத்துல நான் முகத்தை வைக்கமாட்டேன்" என்றாள். அந்த மனிதருக்குக் காரணம் என்று என்ன எழுதுவது எனத் தெரியவில்லை. இட எண்ணை மட்டும் மாற்றி எழுதினார்.

துப்பாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் முதுகுக்கும் பின்னால் கடைசிவரை நடந்தாள். நான் டெல்மர் அணியில் இருந்தவள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பையை எடுத்துக்கொண்டு அவளுக்கு அடுத்த இடத்துக்குப் போனேன். எனக்குப் பின்னால் இன்னொருவரும் வந்தார்.

காற்று அதிகாரி சொன்னதைவிட மோசமாக இருந்தது. வெர்லா ஆறிலிருந்து பதினொன்றுக்கு இறங்கினாள். நான் சொல்லிக்கொள்கிற இடத்திலேயே இல்லை. டெல்மர் கோப்பையை வாங்கினான். அவன் துப்பாக்கிக்கு அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதற்கப்புறம் வந்த ஒன்பது வருஷத்திலும் ஆகவில்லை. அதை வெர்லாவிடம் சொல்லிக்காட்ட ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

போன மாதம் கிளப் அவளை மறுபடி அணிக்குக் கூப்பிட்டது. பெயர் எழுதாத மருந்து யாரிடமும் இருக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வருகிறேன் என்றாள். பெரிய மனுஷர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அவள் காத்திருக்கவில்லை. மாநிலப் போட்டிக்குத் தனி ஆள் படிவத்தை நிரப்பி, கடைக்கோடி இடம்தான் வேண்டும் என்று அடியில் எழுதி, அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டாள்.