மாவு மில்லின் எரிசக்திக் கொள்கை

என் வீட்டுக்காரருக்கு அமெரிக்காவில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. சென்னைக்கே ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. பந்தியில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோனதைத் தவிர அந்த ஊரைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அமெரிக்க அதிபர் காலையில் என்ன நினைத்துக்கொண்டு எழுந்திருப்பார் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்லுவார். நான் என்ன நினைத்துக்கொண்டு எழுகிறேன் என்பது மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடிபடவில்லை.

மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தொண்ணூற்றேழில் கிணறு வற்றிப்போனதும் அதைக் கொழுந்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு, கொல்லிமலைக்கு மேலே குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊரில் மாவு மில் போட்டோம். அங்கே கரண்ட் உண்டு. காற்றடித்தால் போகும், மழை தூறினால் போகும், இரண்டும் இல்லாவிட்டால் சும்மாவே போகும். அதனால் டீசல் எஞ்சின் வைத்தோம். அதுவரை அந்த ஊர்ப் பெண்கள் ராகியைத் திருகையில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மில் வந்த முதல் வாரம், சூடான மாவுக்குள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்த அவர்கள் முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மில் நின்ற இடம் ஊருடையது. ஊர்ப் பெரியதனம் பார்க்கிற ஊர்க்கவுண்டர் வாய்வார்த்தையாகக் கொடுத்தார். வாய்வார்த்தையாகவே திரும்ப வாங்கிக்கொள்ளவும் அவரால் முடியும்.

நாளிதழ் மத்தியான பஸ்ஸில்தான் வந்து சேரும். இவர் அதை எஞ்சின் பக்கத்தில் நின்று உரக்கப் படிப்பார். எஞ்சின் ஓடும்போது பேச வேண்டுமானால் கத்தித்தான் ஆக வேண்டும். அதனால் உலக விவகாரம் முழுவதும் எங்கள் ஊருக்குச் சண்டைக் குரலிலேயே வந்து சேர்ந்தது.

நம் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்த வருடம் அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டதல்லவா, அன்றைக்கு இவர் முகத்தில் ஈயாடவில்லை. எஞ்சினுக்கு இனி உதிரி பாகம் வராது, மில்லை மூட வேண்டியதுதான் என்றார். எஞ்சின் கோயமுத்தூரில் செய்தது என்று ஞாபகப்படுத்தினேன்.

"கோயமுத்தூருக்கு எங்கிருந்து வருதுன்னு யோசிச்சுப் பாத்தியா புள்ள?"

யோசித்துப் பார்த்தேன். பிறகு சோறு வடிக்கப் போய்விட்டேன். எஞ்சின் எப்போதும்போல் ஓடியது.

இரண்டாயிரத்தில் அமெரிக்காவில் தேர்தல் நடந்து, ஓட்டு எண்ணுவதில் தகராறாகி, கடைசியில் நீதிபதிகள் எண்ணுவதையே நிறுத்தச் சொன்னார்கள். இவருக்குத் தூக்கம் போயிற்று. மாவுக்குக் காத்திருந்த ஊர்க்கவுண்டர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"செயிச்சவரு யாருங்க?"

"பழைய அதிபரோட மகனுங்க."

"அப்பன் உக்காந்த எடத்துல மகன் உக்கார்றாரு. இதுக்கெதுக்குங்க ஓட்டு?"

"நடுவுல எட்டு வருசம் வேற ஒருத்தரு இருந்தாருங்க."

"பங்காளியா இருப்பாரு. மறுபடியும் மூத்த ஊட்டுக்கே வந்துருச்சு. முறைதானுங்களே."

அமெரிக்க அரசியலை அவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. இவருக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்று முழுவதும் ஜனநாயகம், ஜனநாயகம் என்று மாவு மூட்டைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் இரட்டைக் கோபுரம் விழுந்தது. ரேடியோவில் கேட்டோம். அன்றைக்கு மட்டும் இவர் கத்தவில்லை, நானும் கேலி பேசவில்லை. வேலைக்குப் போன சனம் வீடு திரும்பவில்லையே என்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனால் துக்கம் தீர்ந்ததும் தேசப் பாதுகாப்பு ஆரம்பித்துவிட்டது. புளியஞ்சோலைப் பக்கமிருந்து காட்டுவழியாக ஏறிவரும் மிளகு வியாபாரி ஒருவர் உண்டு. நாங்கள் மலையேறுவதற்கு முன்பிருந்தே வருகிறவர். அவரை மில் வாசலில் நிறுத்தி, எந்த ஊர், யாரைப் பார்க்க வேண்டும், பையில் என்ன என்று கேட்டார். "பையில மொளகுங்க, இப்பத்தான் உங்க பக்கத்து ஊட்டுல வாங்குனதுங்க" என்றார் அந்த மனுஷர். இவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அதோடு நின்றதா? அமெரிக்க அரசாங்கம் ஆபத்தை நிறம் நிறமாக அறிவிக்கிறதாம். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் உஷாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் ஆள் காலி. உடனே என் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து மில் நிலைப்படியில் கட்டினார். மலையில் மஞ்சள் துணிக்கு வேறு எந்த விளக்கமும் தேவையில்லை. வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று ஊர் எட்டி நின்றது. மாவரைக்க ஒருத்தர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எங்கிருந்தோ வேப்பிலை தேடிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "ஆத்தா நல்லபடியா எறங்கட்டும் அக்கா" என்று தூரத்திலிருந்தே கும்பிட்டாள். நான் துணியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் எங்கள் மில்லுக்கு ஆபத்து நீங்கியது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். டிரம் விஷயம் அப்படியில்லை.

இரண்டாயிரத்து மூன்று பிறந்ததும், ஈராக்கில் போர் வரப்போகிறது என்று தினமும் செய்தி. போர் வந்தால் கப்பல் நிற்கும், கப்பல் நின்றால் டீசல் நிற்கும், டீசல் நின்றால் மில் நிற்கும் என்று இவர் கணக்குப் போட்டார். அமெரிக்காக்காரன் உப்புப் பாறையைக் குடைந்து, பூமிக்கடியில் எண்ணெயைச் சேர்த்து வைத்திருக்கிறானாம், கஷ்டகாலத்துக்கு. அவ்வளவு பெரிய நாடே புதைத்து வைக்கும்போது நாம் புதைக்காவிட்டால் எப்படி? காயலான் கடையில் பழைய டிரம்கள் வாங்கி, டீசல் நிரப்பி, கீழே கிழங்கு இறக்கிவிட்டு மேலே திரும்பும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்ததில் சட்டை முழுக்கத் துரு.

மில்லுக்குப் பின்னால் குழி தோண்டினார். அதற்குக் கீழே சரிவு. சரிவின் அடியில், பாறைக்குக் கீழே, ஊர் குடிக்கிற ஊற்று.

"ஏனுங்க, கீழ தண்ணி இருக்குதுங்க."

"டிரம்முக்கு மூடி இருக்குது புள்ள."

மேலே மண்ணைப் போட்டு மூடிப் பூசணி விதை போட்டார். எதிரிக்குத் தெரியக் கூடாதாம். எதிரி யாரென்று கேட்டேன். அது தெரிந்தால் அப்புறம் என்ன ரகசியம் என்றார்.

போர் வந்தது. கப்பல் நிற்கவில்லை. டீசல் விலையும் ஏறுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் இறங்கியது. இவர் அதை அமெரிக்காவின் தந்திரம் என்றார். நடுவில் ஒரு முறை லாரி வராமல் எஞ்சினில் டீசல் தீர்ந்து, பெண்கள் ராகி மூட்டையோடு திரும்பிப் போனார்கள். குழியைத் தோண்டலாமே என்றேன். "இது அவசரகாலம் இல்ல" என்று சொல்லிவிட்டார். பூசணி மட்டும் நன்றாகக் காய்த்தது.

பிறகு மழை பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரியின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஒருநாள் காலை பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, தண்ணியில ஒரு வாசம் வருதுக்கா. கொழந்தைக்கு ஊத்துனேன். பாருங்க, மேலெல்லாம் செவந்து போச்சு."

குழந்தையை முகர்ந்தேன். எஞ்சின் வாசம். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் அந்த வாசத்தோடுதானே படுத்து எழுந்திருக்கிறேன். ஊற்றுக்கு ஓடினேன். தண்ணீர் மேல் நிறம் நிறமாக எண்ணெய் மிதந்தது. டிரம்முக்கு மூடி இருந்தது, உண்மைதான். அடிப்பாகத்தைத்தான் துரு தின்றிருந்தது.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. வாலிபப் பிள்ளைகள் கொதித்துப்போயிருந்தார்கள். மில்லைப் பூட்டி இவர்களைக் கீழே அனுப்புங்கள் என்றார்கள். கீழே போனால் வற்றிய கிணறும் கொழுந்தனார் வீட்டுச் சோறும்தான். அதைவிட, அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு யாரைப் பார்ப்பேன்? இவரோ எழுந்து நின்று, வளைகுடாவின் எண்ணெய் நிலவரத்திலிருந்து தன் வாதத்தை ஆரம்பித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊர்க்கவுண்டர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

"அந்தக் கஷ்டகாலம் வந்துச்சுங்களா?"

"வரலீங்க. வந்திருந்தா..."

"அது வரலை. எங்களுக்கு வந்துருச்சு."

இவர் உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் தனியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். டிரம்மையும் டீசல் ஊறிய மண்ணையும் தோண்டி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். ஊற்று தெளிகிற வரைக்கும் மில்லுக்காரர் வீடுதான் அத்தனை வீட்டுக்கும் தூரத்து ஓடையிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். தெளிந்தால் மில் இருக்கலாம். தெளியாவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

"நான் சொமக்கறனுங்க" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொமந்தா அது தண்டனையில சேராதுங்கம்மா. பொம்பளைங்க தெனமும் பண்றதுதானுங்களே. அவரு சொமக்கட்டும்."

சொல்லத்தான் வேண்டும், அந்த நிமிஷம் என் உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாளிலிருந்து உலக நிபுணர் தண்ணீர் சுமந்தார். ஒரு கம்பின் இரண்டு முனையிலும் குடம் கட்டித் தோளில் வைத்து, மழையில், வழுக்குகிற ஏற்றத்தில். ஆம்பிளை தண்ணீர் சுமப்பதை அந்த ஊர் பார்த்ததில்லை. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "மெதுவாங்க, ததும்புது" என்று யோசனை சொன்னார்கள். எந்த வீட்டில் எத்தனை வாய், யார் வீட்டுப் பானை ஓட்டை என்பதெல்லாம் முதல் முறையாக அவருக்குத் தெரிய வந்தது. நாளிதழ்கள் பிரிக்காமல் கிடந்தன. நான் அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டேன். ராத்திரி தோளுக்கு எண்ணெய் தடவிவிடும்போது கேலி செய்யலாம் என்றுதான் உட்காருவேன். தோல் உரிந்து கிடப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுக்குத்தான் முதல் குடம் போகும். அது ஊர் சொன்னதில்லை, அவராகச் செய்தது. குழந்தையின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் அவரிடம் குழந்தையைக் கொடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பானையைக் கழுவினாளாம். அதை வந்து என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஊற்றை எத்தனை முறை இறைத்தோமோ, கணக்கில்லை. தை பிறந்து கொஞ்ச நாளான பிறகுதான் வாசம் முழுக்கப் போனது. ஊர்க்கவுண்டர் முதலில் ஒரு கை அள்ளிக் குடித்தார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி குடித்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள். மில் தப்பித்தது.

இரண்டாயிரத்து நான்கின் கடைசியில் ஒருநாள் மத்தியானம் இவர் மறுபடியும் நாளிதழைப் பிரித்தார். இந்த முறை எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் படித்தார், குரலும் தணிந்தே வந்தது. அமெரிக்காக்காரர்கள் எந்த ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லிப் போருக்குப் போனார்களோ, அவை ஈராக்கில் எங்கேயும் இல்லையாம். தேடிப் பார்த்துவிட்டு அவர்களே சொல்லிவிட்டார்களாம். ராகி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஊர்க்கவுண்டர் நிமிர்ந்தார்.

"அப்ப வராத ஆபத்துக்குப் போயி அந்த ஊரையே கெடுத்துட்டாங்களா?"

"அப்படித்தானுங்க."

"அதச் செஞ்சவரு இப்பத் தண்ணி சொமக்கறாருங்களா?"

இவர் தாளை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"இல்லீங்க. மறுபடியும் அவரையே செயிக்க வெச்சுட்டாங்க."

ஊர்க்கவுண்டர் தன் மாவு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப, கெட்டுப்போன அந்த ஊருப் பொம்பளைங்கதான் சொமந்துக்கிட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் என்னைப் பார்த்தார். அமெரிக்காவைப் பற்றி இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது அதுதான் முதல் தடவை. வருடக்கணக்காக அப்படி ஒரு நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்களை நினைத்து மாவு வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இவர் எஞ்சினை ஓடவிடாமல் கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.