நான் சொன்ன ‘யெஸ், சார்’

ரப்பர் விலை விழுந்து, எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. தோட்டம் மலாயாவில், அலோர் காஜாவுக்குப் பக்கத்தில். எனக்குப் பதினாறு வயது. மலாக்கா டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளியில் ஏழாம் ஸ்டாண்டர்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை நான் ஒளித்துவைத்ததே இல்லை. ‘இருக்கிறது’ என்பதற்கு ‘காட்’, ‘ஆயிற்று’ என்பதற்கு ‘ஆல்ரெடி’ என்று டவுனில் எல்லோரும் பேசும் பசார் இங்கிலீஷை, அந்தக் கடைத்தெரு இங்கிலீஷைக் கேட்டாலே உடம்பு கூசும். யாராக இருந்தாலும் திருத்திவிடுவேன்.

என் அக்காவுக்குக் குழந்தை பிறந்த நான்காம் நாள் இரத்தப்போக்கு திடீரென்று அதிகமாகிவிட்டது. குழந்தையைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, அவளைத் தோட்டத்து லாரியில் பாய் விரித்துப் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அத்தான் நேராக என் பள்ளிக்கே வந்துவிட்டார்.

“டாக்டரு வெள்ளக்காரரு. அவருகிட்ட பேச நமக்கு வேற யாரு இருக்கா? நீதான் வரணும்.”

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயும் ஒரு மிதப்பு இருந்ததை இன்று மறைக்க விரும்பவில்லை.

பெண்கள் வார்டு என்பதால் அத்தான் வெளியே நின்றுவிட்டார். நர்ஸ் கட்டில் தேடிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்த தமிழ் ஆயா குரல் கொடுத்தாள்: “பெட் காட், மிஸ்ஸி! யெஸ்டர்டே லேடி கோ பேக் ஆல்ரெடி லா!” நேற்று இருந்தவள் வீட்டுக்குப் போய்விட்டாள், கட்டில் காலி என்று அர்த்தம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நிலையிலும், “ஆயாம்மா, ‘ஹாஸ் கான் பேக்’னு சொல்லணும்” என்றேன்.

அவள் சிரித்தாள். “கட்டில் கெடச்சிருச்சில்ல, இங்கிலீஷ்காரம்மா? மொதல்ல ஒங்கக்காவப் படுக்க வையி.”

டாக்டர் வந்து ஊசி போட்டார். மத்தியானத்துக்குள் இரத்தம் நின்றுவிட்டால் கவலையில்லை, நிற்காவிட்டால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். துணி மாற்றினேன், மாற்றிய துணியும் நனைந்தது. அக்காவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. “புள்ள பாலுக்கு அழுவும்ல?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மத்தியானம் டாக்டர் மறுபடி வந்தார். வார்டு நிறைய நோயாளிகள், அவருக்கு அவசரம். கட்டிலின் கால்மாட்டில் நின்று காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “ப்ளீடிங் ஹாஸன்ட் ஸ்டாப்ட்?” இரத்தம் இன்னும் நிற்கவில்லையா என்று அர்த்தம்.

“யெஸ், சார்” என்றேன், கணீரென்று.

“குட்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என் இங்கிலீஷைத்தான் ‘குட்’ என்றார் என்று நினைத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்கு ஆள் அனுப்புவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. டாக்டர் வார்டின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

ஆயா தண்ணீர்ப் பேசினோடு வந்து போர்வையைத் தூக்கினாள். முகம் மாறிவிட்டது. “டாக்டரு பாத்தாரா? என்ன கேட்டாரு?”

“நிக்கலையான்னு கேட்டாரு. யெஸ்னு சொன்னேன்.”

“அடிப்பாவி! நிக்கலையான்னு கேட்டா நோன்னுல்ல சொல்லணும்! யெஸ்னா நின்னு போச்சுன்னு போயிருவாங்க இவங்க!”

பேசினைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். “டாக்டர்! டாக்டர்! நம்பர் சிக்ஸ் ப்ளட் நோ ஸ்டாப்! ஸ்டில் கமிங்! பிளென்ட்டி!”

டாக்டர் ஓடிவந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தவர் ஒரு முறை என்னைப் பார்த்தார், திட்டவில்லை. ஐந்து நிமிடத்தில் அக்காவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்விட்டார்கள்.

வெளி வராந்தாவில் நிற்கும்போதுதான் புரிந்தது. வீட்டில் ‘நிக்கலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, நிக்கல’ என்போம். அந்த ‘ஆமா’வைத்தான் நான் அப்படியே ‘யெஸ்’ ஆக்கியிருந்தேன். இலக்கணத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள் நான். உள்ளே நடந்தது தெரியாத அத்தான் பக்கத்தில் வந்து, “நீ இருந்ததாலதான் ஆச்சு, பாப்பா” என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அக்கா பிழைத்தாள். வெளியே வந்த ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அழுவாத. நானும் ஒரு தடவ இப்படி யெஸ்னு சொன்னவதான்” என்றாள். அவள் சொன்ன அன்று என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். அக்காவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை; படிக்கத் தெரியாத அவளுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன். யார் என்னிடம் ‘ஆமாம்’ என்று சொன்னாலும், எதற்கு ஆமாம் என்று இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை எனக்கு நிலைகொள்வதில்லை.