உபகாரசாமியின் கையைக் கிழித்த சிறுத்தை

சூரமங்கலம் கூட்ஸ் ஷெட்டில் உபகாரசாமி என்று சொன்னால் எந்த உபகாரசாமி என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூட்டை தூக்க வந்த ஆள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதைப் பற்றிப் பேச்சு வந்தால், "நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்" என்பார். மூட்டையிலிருந்து லாரி கிளீனர், கிளீனரிலிருந்து டிரைவர், டிரைவரிலிருந்து சொந்த வண்டிக்காரர் என்று யார் தயவும் இல்லாமல் ஏறி வந்தார். முன்கண்ணாடிக்கு மேலே நீல எழுத்தில் 'ஆரோக்கிய மாதா துணை' என்று எழுதிய அவர் லாரி வருகிறதென்றால் எதிரே வருகிறவன் ஓரங்கட்டுவான் என்று அவரே சொல்லிக்கொள்வார். அதில் பொய் அதிகமில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோயிலில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிற அதே மனிதர், சரக்கு ஏற்றிய வண்டியைப் பூசணிக்காய் சுற்றாமல் நகர்த்த மாட்டார். காயின் தலையில் கற்பூரத்தைக் கொளுத்தி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, முன்சக்கரத்தின் எதிரே போட்டு உடைக்க வேண்டும். பங்குச்சாமியார் இதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் நிறுத்தி விசாரித்தார். "மாதா மேல இருந்து பாத்துக்கறாங்க சாமி. ஆனா ரோட்டுல இருக்கிற கண்ணெல்லாம் கீழதானுங்களே இருக்குது" என்றார் இவர். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அறுபத்திரண்டாம் வருஷக் கோடையில் ஓமலூரில் ஒரு சின்ன சர்க்கஸ் கூடாரம் போட்டு ஆடி முடித்தது. சூரமங்கலத்துக்கு வந்து அங்கிருந்து ரயிலில் போக வேண்டும். குதிரைகள் நடந்தே வந்துவிட்டன. சிறுத்தைக் கூண்டை ஏற்றத்தான் எந்த லாரிக்காரனும் சம்மதிக்கவில்லை. உபகாரசாமிக்கு அது போதும். சிறுத்தை என்ன, அதன் அப்பனையே ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டு வண்டியோடு காலையிலேயே ஓமலூர் போய் நின்றார்.

சிறுத்தைக்கு மீனா என்று பெயர். குட்டியிலிருந்து அதற்குத் தீனி போட்டு வளர்த்தவள் சாரதாமணி என்று ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வளையத்தில் தொங்குகிறவள், கையெல்லாம் காய்ப்பு. கூண்டை லாரியில் ஏற்றி முடித்ததும் கிளீனர் கந்தப்பன் கையில் பூசணிக்காயைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, நெருப்பு மட்டும் கிட்டக் கொண்டாராதீங்க. போன வருசம் கூடாரம் பத்திக்கிட்டப்போ இது உள்ள மாட்டிக்கிச்சு. அதுலேர்ந்து நெருப்பைக் கண்டா ஆவறதில்ல."

உபகாரசாமி கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் வண்டியில் எந்தச் சரக்கும் சுற்றாமல் போனதில்லையே. கற்பூரம் நெருப்பில்லை, அது சாமி சமாசாரம் என்று அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, சுற்றச் சொல்லிக் கந்தப்பனைப் பார்த்தார். கந்தப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். எத்தனை திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன். அன்றைக்கு மட்டும் காயை முதலாளி கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே சுத்திப்போடுங்க மொதலாளி. எனக்குச் சம்சாரம் இருக்குதுங்க."

"எனக்கென்ன இல்லியா?"

"உங்க சம்சாரம் தைரியசாலிங்க."

கூடியிருந்த கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஏறின வேகத்தில் உபகாரசாமியும் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்றில் மீனா மூலையில் சுருண்டது. இரண்டாவது சுற்றில் உறுமி எழுந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது சுற்றில், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று, பின்படி மேல் ஒரு காலை வைத்து ஏறி, எரிகிற கற்பூரத்தைக் கூண்டின் முகத்துக்கு நேராகவே காட்டினார். கம்பிக்கு நடுவே ஒரு கை வந்தது. வந்ததை யாரும் பார்க்கவில்லை, போனதைத்தான் பார்த்தார்கள். இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சட்டையும் சதையும் ஒன்றாகக் கிழிந்து தொங்கின. பூசணிக்காய் தானே விழுந்து சிதறியது. மயங்கி விழுவதற்கு முன்னால் மனிதர் கேட்ட கேள்வி, காய் உடைந்ததா என்பதுதான். இதைக் கந்தப்பன் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கட்டுக் கட்டி முடிப்பதற்குள் ஓமலூரே வாசலில் நின்றது. அவர் சம்சாரம் அந்தோணிமேரி சூரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். கூட்டத்துக்கு முன்னால் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு அப்புசாமி நின்றார். ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த ஒரே ஆள், நிலபுலக்காரர், காட்டுப் பன்றி சுட்டுப் பேர் வாங்கியவர். வெறும் ஜம்பத்துக்கு வந்தவரில்லை. இன்றைக்குப் பெரிய ஆளின் கை கிழிந்தது, நாளைக்கு வேடிக்கை பார்க்க வருகிற குழந்தையின் கழுத்து கிழியாதா, மனுஷ ரத்தம் பட்ட மிருகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகலாமா என்று அவர் கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடிபட்டவர் ஒரு வார்த்தை சொன்னால் இங்கேயே சுட்டுவிடலாம், இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் அது ஓமலூர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வேறு லாரிக்காரன் எவனும் வரமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆக, மீனாவின் உயிர் உபகாரசாமியின் வாயில் இருந்தது.

அந்தோணிமேரி அவர் காதோரம் வந்து சொன்னாள்.

"சுடச் சொல்லுங்க. அது உசுரோட இருக்கற வரைக்கும் எனக்குக் கண்ணு மூடாது."

சாரதாமணி கதவோரமாக நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உபகாரசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தாலும் குரல் மட்டும் கூட்ஸ் ஷெட்டுக் குரலாகவே இருந்தது.

"லாரி ஏறி ஆளு செத்தா என்ன கேக்கறோம்? ஓட்டினவன் யாருன்னு கேக்கறோம். லாரியை யாராச்சும் சுட்டாங்களா? கிட்ட கொண்டாராதீங்கன்னு அந்தப் புள்ள சொன்னதுக்கப்பறமும் நெருப்பை அது மூஞ்சிக்கு நேராக் காட்டினவன் நான்."

"லாரிக்குக் கோவம் வராது உபகாரசாமி. இதுக்கு வரும்" என்றார் அப்புசாமி.

"அதனாலதான் பிரேக்குப் புடிக்காத வண்டியை நான் ரோட்டுல விடறதில்லீங்க. கம்பிக்கு மேல பலகை அடிக்கச் சொல்லுங்க. என்னோட தார்ப்பாயைப் போத்தி நானே கொண்டுபோய்ச் சேக்கறேன். என்னை அடிச்ச சிறுத்தையைச் சர்க்கார் சுட்டுச்சுன்னா, நாளைக்கு ஊரு என்ன பேசும்? உபகாரசாமிக்காகச் சர்க்கார் வந்து பஞ்சாயத்துப் பண்ணுச்சுன்னு பேசும்."

அந்தோணிமேரி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் கத்தினார். யார் கத்தினால் என்ன, அவர் படி இறங்கிவிட்டார். இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. கியர் மாற்ற இடது கை வேண்டும். கந்தப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ரெண்டு" என்றால் ரெண்டு, "மூணு" என்றால் மூணு என்று கியர்க் குச்சியை அவர் கையில் கொடுத்தார். கந்தப்பன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை டிரைவர் வேலை பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் பாதி டிரைவர். பலகை அடித்த கூண்டின் பக்கத்தில் சாரதாமணி உட்கார்ந்தாள். பூசணிக்காய் சுற்றாமல் அந்த லாரி கிளம்பியதும் அன்றைக்குத்தான். எல்லை தாண்டும் வரை விடமாட்டேன் என்று அப்புசாமி துப்பாக்கியோடு தன் ஜீப்பில் பின்னாலேயே வந்தார். அந்தோணிமேரியையும் அந்த ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டார்.

பல் கடிக்கிற சத்தத்தோடு கியர் விழுந்து விழுந்து வண்டி நகர்ந்தது. ஊர்ப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார்கள். எல்லை தாண்டியும் ஜீப் திரும்பவில்லை. பாதி வழி தாண்டி ரயில்வே கேட். வண்டி போய் நிற்கவும் கேட் விழவும் சரியாக இருந்தது. கூட்ஸ் ரயில் இன்ஜின் தடதடத்துக்கொண்டு வந்தது. கரி அள்ளிப் போட அந்த நேரம் பார்த்து அடுப்புக் கதவைத் திறந்தான் ஒருவன். காற்றில் தார்ப்பாயின் ஒரு பக்கம் கழன்று தூக்கிக்கொண்டது. பலகை இடுக்கு வழியாகச் செக்கச்செவேலென்று நெருப்பு மீனாவின் கண்ணுக்கு நேரே பட்டது. அவ்வளவுதான். கூண்டு லாரியோடு சேர்ந்து ஆடியது. ஒரு பலகை பெயர்ந்து ரோட்டில் விழுந்தது. அந்த இடைவெளியில் நகம் வெளியே வந்து காற்றைப் பிறாண்டியது. சாரதாமணி அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள், ரயில் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. அப்புசாமி ஜீப்பிலிருந்து குதித்துத் துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

உபகாரசாமி எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. துப்பாக்கிக்கும் கூண்டுக்கும் நடுவில் போய் நின்று, பறக்கிற தார்ப்பாயின் கயிற்றை வலது கையால் எட்டிப் பிடித்து இழுத்தார். துணி கூண்டை மூடியது. உள்ளே ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் முடிச்சுப் போட ஒரு கை பத்தாது. விட்டால் மறுபடி பறக்கும். கந்தப்பன் கியர்க் குச்சியை விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளேயே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். சாரதாமணி மறுபக்கத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

"தள்ளு உபகாரசாமி. அது சிறுத்தைப்புலி. அதை நம்பாதே" என்றார் அப்புசாமி.

"நம்பலீங்க அண்ணா. அதனாலதான் கட்டறேன். கொஞ்சம் கை குடுங்க."

கைகொடுக்க வேண்டுமென்றால் கையிலிருப்பதைக் கீழே வைக்க வேண்டும். அப்புசாமி துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை எடுத்து, லாரிச் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார். நெல்லு மூட்டை கட்டிப் பழகிய கை. இறுக்கிப் போட்ட முடிச்சு சூரமங்கலம் வரைக்கும் அசையவில்லை. போட்ட பிறகும் அவர் மனசு மாறவில்லை, வழியெல்லாம் சுட்டிருக்க வேண்டும் என்றுதான் அந்தோணிமேரியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் அதன் பிறகு துப்பாக்கியில் தோட்டா போடவில்லை.

பொழுது சாய, கூட்ஸ் ஷெட்டில் கூண்டை இறக்கித் தார்ப்பாயை விலக்கினார்கள். மீனா நாக்கை வெளியே போட்டுக் களைத்துக் கிடந்தது. அந்தோணிமேரி தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா உங்களை இந்தப் பாடு படுத்துச்சு? பயந்துபோயில்ல கெடக்குது."

"நெருப்பைக் கண்டா யாருக்குத்தான் பயம் வராது" என்றார் உபகாரசாமி.

பின்னால் மூன்று லாரிக்கு முதலாளியானார். பூசணிக்காய் வழக்கம் விடவில்லை. ஆனால் மாடோ ஆடோ, உயிருள்ள எதை ஏற்றினாலும் கற்பூரம் கொளுத்தக் கூடாது என்று கந்தப்பனுக்கு உத்தரவு. கையில் தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால் சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் காட்டுவார். என்னை அடித்தது இன்னும் எங்கேயோ உயிரோடு கறி தின்றுகொண்டிருக்கிறது, எத்தனை பேருக்கு அந்தப் பெருமை உண்டு என்பார்.