பெரணிச் செடிக்கு எந்த விளக்கு

1. காய்ந்த செடி

பினாங்கில், பினாங் ஸ்ட்ரீட் பக்கம் இருந்த போட்டோ ஸ்டூடியோவில் நான் விளக்குக்காரனாகச் சேர்ந்து நாலாவது மாதம் அது நடந்தது. முதல் உலக யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் மகளையும் புது மருமகனையும் படம் எடுக்க அழைத்து வந்தார். நான் லைட்டைப் போட்டேன். பெண் நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், முக்காலி மேல் எங்கள் பெரணிச் செடி இருந்தது. இலையெல்லாம் பழுப்பு. பெண்ணின் சேலை பட்டதும் நாலைந்து இலைகள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

ஜவுளிக்கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "என்ன முதலாளி இது? கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகல. பட்டுப்போன செடி பக்கத்துலயா என் பொண்ண நிக்க வைப்பீங்க?" என்று கேட்டவர், படம் எடுக்காமலே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் முதலாளி ஹனீபா கோபத்தில் கத்துகிறவர் இல்லை. செடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "முருகையா, காயிதப் பூ வச்சா படத்துல காயிதமாத்தான் தெரியுது. உயிர்ச்செடிதான் வேணும். முத்தத்துல வச்சா பிரிண்ட் கழுவுற மருந்துத் தண்ணி தெறிச்சுக் கருகுது. வாசல்ல வச்சா ஆடு மேயுது. உள்ளயே வச்சு வளக்கணும். நம்மகிட்ட நாலு தினுசு லைட்டு இருக்கு லா. எதுல செடி நல்லா வருது, எது கரண்டு கம்மியாத் திங்குதுன்னு பாத்துச் சொல்லு."

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் சோதனை வேலை.

2. நாலு சட்டிகள்

ஒரே பெரணியின் வேர்க்கட்டியை நாலாகப் பிரித்து நாலு சட்டிகளில் நட்டோம். ஜன்னல் இல்லாத பின்னறையில் கறுப்புத் துணி கட்டி நாலு தடுப்புகள் செய்தேன். முதல் தடுப்பில் பழைய கார்பன் பல்பு. இரண்டாவதில் அப்போது புதிதாக வந்திருந்த டங்ஸ்டன் பல்பு. மூன்றாவதில் ஆர்க் லைட்: இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு நடுவே நெருப்பு வெள்ளையாக எரியும், மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். நாலாவதில் பாதரச டியூப். அது ஸ்விட்சைப் போட்டால் மட்டும் எரியாது. டியூபைக் கையால் சாய்க்க வேண்டும்; பாதரசம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடும்போது பச்சையும் நீலமுமாகப் பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் மனிதர்களின் உதடு கறுப்பாகத் தெரியும். ஸ்டூடியோவுக்கு வரும் குழந்தைகள் அதைப் பார்த்து அழும்.

நாலுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை. ஒரே ஒரு மீட்டர்தான் இருந்தது. அதை நாளுக்கு ஒரு விளக்கில் மாட்டி, எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று பார்த்தேன்.

எனக்குக் கையெழுத்து சரியில்லை. அதனால் முதலாளி, "நோட்டு ஆக்னஸ் எழுதட்டும்" என்றார்.

ஆக்னஸ் எங்கள் ஸ்டூடியோவில் படங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலைக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள், கன்னத்துக்கு லேசாக ரோஸ் என்று மெல்லிய பிரஷால் வைப்பாள். வீடு அக்கரையில், பாகான் டாலாமில். அப்பா பக்கத்து ஊரான பிறையில் ரயில்வே கிளார்க். தினமும் ஃபெரியில் வந்து போவாள். எல்லாரும் என்னை முருகையா என்று கூப்பிட்டபோது அவள் மட்டும் விளக்கை வைத்து "லாம்பு அண்ணே" என்பாள்.

வாரத்துக்கு இரண்டு தடவை அளப்போம். நான் நூலைப் பிடிப்பேன். அவள் இலையின் அடியிலிருந்து நுனிவரை அளந்து எழுதுவாள். அதோடு விடமாட்டாள். பாதரச வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும் என்று ஒவ்வொரு சட்டியையும் முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப்போவாள். இலையைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்தில் வர்ணம் குழைத்து, அதே பச்சையை நோட்டில் ஒரு சின்னக் கட்டமாகத் தீட்டுவாள்.

"இது போன வாரத்தைவிட ஒரு சொட்டு நீலம் கூடியிருக்கு அண்ணே. தெரியுதா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். மறுபடி காட்டச் சொல்லிக் கேட்டேன்.

அளக்கும் நாட்களில் காலையிலேயே நூலை எடுத்துத் தயாராக வைத்துவிடுவேன். மற்ற நாட்களில் படகுத்துறைப் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் போய், ஃபெரி வருவதைப் பார்த்துவிட்டு, அவள் இறங்குவதற்குள் வேகமாக ஸ்டூடியோவுக்குத் திரும்பிவிடுவேன். அவள் கத்தோலிக்க வீட்டுப் பெண். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். இதை யாரிடம் சொல்ல முடியும்?

3. நான் சொல்லாத ரிசல்ட்

ஆறாவது வாரத்தில் விடை தெளிவாகத் தெரிந்துவிட்டது. கார்பன் பல்புக்குக் கீழே இருந்தது இரண்டே இரண்டு வெளிறிய காம்பு. அறை சூடானதுதான் மிச்சம். டங்ஸ்டன் அதைவிடக் குறைவான கரண்டில் நல்ல வெளிச்சம் தந்தது, ஆனால் செடி ஒல்லியாக உயர்ந்து, நிற்க முடியாமல் சாய்ந்தது. ஆர்க் லைட்டில் வளர்ச்சி நன்றாக இருந்தது. ஆனால் அது கரண்டை விழுங்கியது. குச்சியைச் சரிசெய்ய ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாதரச டியூபுக்குக் கீழே இருந்த செடி குட்டையாக, அடர்த்தியாக, கரும்பச்சையாக நின்றது. அது தின்ற கரண்ட் ஆர்க் லைட் தின்றதில் பாதிகூட இல்லை.

முதலாளி கேட்டார்: "என்னப்பா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும் முதலாளி. இப்பவே சொன்னா தப்பாயிரும்" என்றேன்.

ரிசல்ட் சொல்லிவிட்டால் பின்னறையில் நூல் பிடிக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அந்தப் பொய். ஏழாவது வாரமும் அதையே சொன்னேன். எட்டு, ஒன்பது என்று போனது.

பத்தாவது வாரம் ஆர்க் லைட்டின் கண்ணாடிக் கூண்டைக் கழுவும்போது என் கை தவறி உடைந்தது. புதுக் கூண்டு சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். கண்ணைச் சுடும் கதிரைத் தடுப்பது அந்தக் கண்ணாடிதான்; கூண்டு இல்லாமல் ஆர்க் லைட்டை எரிக்கக்கூடாது என்பது இந்த வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்தச் சட்டியை ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கினால் சோதனை முடிந்துபோகும். எரித்தேன்.

குச்சியைச் சரிசெய்கிறவனுக்கென்று கறுப்புக் கண்ணாடி ஒரு ஜோடி இருந்தது. அது என் கண்ணில் இருந்தது. அவள் இலையைத்தானே பார்க்கிறாள், நெருப்பைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நிறைய புது இலைகள். எரியும் விளக்குக்குக் கீழே அவள் நெடுநேரம் குனிந்து அளந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. ஃபெரியில் வரும் ஒரு ஆள் சேதி கொண்டுவந்தார்: ராத்திரியெல்லாம் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிச்சலாம், இமையைத் திறக்க முடியவில்லையாம்.

நான் நேராக முதலாளியிடம் போனேன். கூண்டு உடைந்ததைச் சொன்னேன். ரிசல்ட் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கண்ணை வச்சுப் பொழைக்கிற பொண்ணுப்பா அது" என்றார். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

4. பாகான் டாலாமில்

அன்றே அக்கரைக்குப் போனேன். அவள் அப்பா என்னை உட்காரச் சொன்னார். "ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பாத்தாரு தம்பி. நாலு நாள்ல சரியாப் போயிரும்னு சொன்னாரு. பயப்படாதீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனார்.

ஆக்னஸ் கண்ணில் ஈரத்துணி கட்டி, சாய்வு நாற்காலியில் இருந்தாள். அதுவரை அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்க வெட்கம். அன்றைக்கு அவளால் என்னைப் பார்க்க முடியாது என்பதால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"லாம்பு அண்ணே, பேசாம இருந்தா நீங்க போயிட்டீங்களான்னு தெரியாதுல்ல?"

"எம்மேலதான் தப்பு ஆக்னஸ். கூண்டு இல்லாம எரிச்சேன். அதைவிடப் பெரிய தப்பு, பாதரச லைட்டுதான் நல்லதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். முதலாளிகிட்ட சொல்லல."

அவள் சிரித்தாள். "நோட்டு எழுதினது யாரு? ஆறாவது வாரமே எனக்குத் தெரியும்."

"அப்ப நீ ஏன் சொல்லல?"

உள்ளே கிளாஸ் உரசும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த ஞாயித்துக்கெழமை தைப்பிங்ல இருந்து பொண்ணு பாக்க வராங்க. ரயில்வேல வேலையாம்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் அப்பா காப்பியோடு வந்துவிட்டார். காப்பி குடித்தேன். பையனைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். நல்ல இடம் என்று நானும் சொன்னேன். கடைசி ஃபெரிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தும், ஃபெரிக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவளுக்குக் கண் நல்லபடியாகத் தெளிந்தது. ஆனால் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வரவில்லை. கல்யாணம் தைப்பிங்கில் நடந்ததாகக் கேள்வி. அவளுக்குப் பின் வந்தவருக்கு அந்த அளவு கை வரவில்லை. பச்சைச் சேலை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைதான்.

பிறகு நான் மின்சார இலாகாவில் சேர்ந்து நெடுநாள் விளக்குகளைச் சோதித்தேன். ரிசல்ட்டை அன்றைக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிடுவேன். பெரிய துரைகூட ஒருமுறை அதற்காகப் பாராட்டினார். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு இரண்டு விஷயம் சொல்லுவேன். கூண்டு இல்லாத ஆர்க் லைட்டுக்குப் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள். உங்கள் கறுப்புக் கண்ணாடி முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு. இன்னொன்று, விடை தெரிந்த பிறகு ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நான் அன்றைக்குப் பெண் கேட்டிருந்தால் அவள் அப்பா சம்மதித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மாட்டேன் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை அவர் வாயால் கேட்டுவிட்டு வந்திருப்பேன். இத்தனை வருடமாக அவருக்காக நானே ஒவ்வொரு பதிலாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.