எக்ஸ்ரே எடுக்காத முழங்கை

அருந்தவனைக் கிரிக்கெட்டிலிருந்து கலைத்தது எங்கட ஆட்கள்தான். பந்து போடச் சொன்னால் எறிகிறான் என்று அம்பயர் ஓவருக்கு மூன்று நோபோல் கொடுப்பார். முழங்கையை மடக்காமல் அவனுக்குப் போட வராது. "எறியிறதெண்டால் போய் மாங்காய்க்கு எறி" என்று கப்டன் சொல்லிப்போட்டான்.

எறிவதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது, பேஸ்போல். மெல்பேர்ன் பக்கத்துக் கிரான்பர்னில் ஞாயிறுகளில் நாங்கள் பத்துப் பேர் கடைசிப் பிரிவில் ஆடி ஒழுங்காகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பிட்ச்சர், எறிகிறவன். நான் அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவன். முதல் நாளே கையுறைக்குள் என் உள்ளங்கை கன்றிப்போனது. அந்த வருசம் நாங்கள் தோற்றது இரண்டே இரண்டு.

ஆள் கிழமையில் ஆறு நாள் தோட்டத்தில் செலறிக் கீரை வெட்டுகிறவன். கப்பலில் வந்து, விசாவுக்குப் பதினொரு வருசம் காத்திருந்தவன். வேலையிடத்தில் அவனுக்குப் பெயரே இல்லை, எல்லாரையும் கூப்பிடுகிற 'மேட்' மட்டும்தான். மைதானத்தில்தான் எதிர்ப்பக்கத்து வெள்ளையள் "இண்டைக்கு அருண் எறியிறானோ?" என்று முதலே விசாரிப்பார்கள். அதுக்காகத்தான் வந்தான்.

போன ஜனவரியில் பந்தின் வேகம் குறைந்தது. பிடிக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா?

"என்னடா?"

"கை நோகுது அண்ணை. நத்தாருக்கு முதலே, போன மாதம் தொடங்கினது."

டொக்டரை டெலிபோனில்தான் பிடிக்க முடிந்தது. அவனுக்கு இங்கிலீஷ் ஓடாது, நான் பேசினேன். 'ஹேண்ட் பெயின்' என்றேன். எங்களுக்குத் தோளிலிருந்து விரல் நுனி மட்டும் எல்லாம் கைதானே. அவங்களுக்கு ஹேண்ட் என்றால் மணிக்கட்டுக்குக் கீழே. அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

எக்ஸ்ரே எடுக்கிற பெட்டை டொக்டரின் கடிதத்தைப் பார்த்து உள்ளங்கையை விரித்து வைக்கச் சொன்னாள்.

"அண்ணை, நோகிறது முழங்கை. இவள் ஏன் விரலை எடுக்கிறாள்?"

"அவளுக்குத் தெரியும். நீ பொத்திக்கொண்டு வை."

ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. மூன்று ஆட்டம் மிச்சம், இரண்டு வென்றால் மேல் பிரிவு. 'எக்ஸ்ரே கிளியர்' என்று டீமின் வட்சப்பில் போட்டதும் நான்தான். எங்கள் கப்டன் நிதுஷன் அவன் முதுகில் தட்டினான். "இனியும் நோகுதெண்டால் வீட்டில உங்கட மனுசி அடிச்சதுதான்." எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஒன்று வென்றோம், ஒன்று தோற்றோம். கடைசி ஆட்டத்தில் மூன்று ஓட்டம் முன்னுக்கு நின்றோம். ஐந்தாவது இன்னிங்ஸில் பச்சைத் தடி முறிகிற மாதிரிச் சத்தம், எனக்கே கேட்டது. பந்து பாதி வழியில் விழுந்து உருண்டது. அவன் முழங்கையைப் பொத்திக்கொண்டு அந்த இடத்திலேயே இருந்துவிட்டான்.

பிறகு நிதுஷன் எறிந்தான். நாலு பந்து விலத்திப் போனால் அடிக்கிறவன் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். நடந்தார்கள், நடந்தார்கள், சாமி ஊர்வலம் மாதிரி. பத்தொன்பதுக்கு மூன்று என்று தோற்றோம்.

ஓகஸ்டில் அடுத்த சீசனுக்கு ஆறு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். "அருந்தவண்ணை இல்லாமல் ஆர் வெயிலுக்க நிண்டு அடி வாங்கிறது?" என்றான் நிதுஷன். டீம் அதோடு சரி.

ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கச் செப்டெம்பர் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியே மொழிபெயர்க்க நிரூபா என்றொரு பிள்ளையை வைத்திருந்தது. டொக்டர் சொன்னதை அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"முழங்கைச் சவ்வு முதலில கொஞ்சம்தான் கிழிஞ்சிருக்குமாம். அப்ப எறியிறதை விட்டிருந்தால் ஆறியிருக்கும். இப்ப முழுக்க அறுந்து நரம்பும் கெட்டுப்போச்சு. ஒப்பரேஷன் செய்தாலும் இனி எறியேலாது. கத்தி பிடிச்சு வெட்டுற வேலையும் சரிவராது." டொக்டர் ஒரு கடிதத்தைக் காட்டினார். "பழைய கடிதத்தில மணிக்கட்டுக்குக் கீழ நோவு எண்டு கிடக்குதாம். ஆர் அப்பிடிச் சொன்னது எண்டு கேக்கிறார்."

அருந்தவன் என் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் பிழையாச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி" என்றான்.

அவள் அதை இங்கிலீஷில் சொல்ல, நான் பொக்கெட்டில் கார்ச் சாவியைத் தேடினேன்.

காரில் அவனுக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டேன். அவன் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். இறங்கி நேரே உள்ளே போய்விட்டான். அவன் மனுசி தர்சினி வாசலில் நின்று என்னைத்தான் கேட்டாள்.

"டொக்டர் என்னவாம் அண்ணை?"

இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான்தானே.