மெடிக்கல் போர்டுக்கு இரண்டு தடவை

முதல் தடவை போன அன்று காலையில் அவருக்கு நானே முகச்சவரம் செய்துவிட்டேன். தலைக்கு எண்ணெய் தடவி வகிடெடுத்து வாரினேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். பெரிய டாக்டர்கள் மூன்று பேர் முன்னால் போய் உட்காரப்போகிறார், லட்சணமாக இருக்க வேண்டாமா? இவருக்கு மூளையில் அடிபட்டிருக்கிறது, இனிமேல் பழைய வேலை பார்க்க முடியாது என்று எழுதி வாங்கத்தான் போகிறோம் என்பது அந்த நேரத்தில் என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

என் கணவர் பஸ் கண்டக்டர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், படியில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்குக் குறுக்கே மாடு வந்தது. டிரைவர் பிரேக் போட்டார், இவர் ரோட்டில் விழுந்தார். பின்மண்டையில் அடி. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். கை வந்தது, கால் வந்தது, பேச்சு வந்தது, பழைய கேலியும் கிண்டலும்கூட அப்படியே வந்தன. புதிதாக நடப்பது மட்டும் தலையில் நிற்கவில்லை, அடிபடுவதற்கு முந்தின ஏழெட்டு வருஷமும் அழிந்துபோயிருந்தது. எங்கள் கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்று சொல்வார். பழைய ரூட்டில் ஒரு ஸ்டாப் விடாமல் ஒப்பிப்பார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் சாப்பிட்டாரா என்று கேட்டால் தெரியாது.

சம்பளமில்லாத லீவு உட்பட லீவெல்லாம் தீர்ந்து ஒரே ஒரு நாள் டியூட்டிக்குப் போனார். ஒரே பெண்ணிடம் மூன்று தடவை டிக்கெட் கேட்டிருக்கிறார். மூன்றாவது தடவை அந்தப் பெண் கத்த, பஸ்ஸே சேர்ந்து கலாட்டா பண்ண, டிரைவர் பாதி வழியில் இவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. டியூட்டிக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஊனம் என்று மெடிக்கல் போர்டிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வேலை போய்விடும். வேலையில் இருக்கும்போது ஊனமானவரைத் தூக்கி எறியக் கூடாது, அதே சம்பளத்தில் அவரால் முடிந்த வேறு வேலை தர வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருப்பதை ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர் பெண் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆக, எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் நின்றது. எங்கள் பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கன்னட ஊரில், லிங்கராஜபுரம் என்கிற பகுதியில் வாடகை வீடு. நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அந்தச் சம்பளம் வாடகைக்கே இழுத்துப்பிடிக்கும்.

இங்கே நான் செய்துவந்த திருட்டுத்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். பரீட்சை ஹாலில் பிட்டு வைத்திருக்கும் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய பேர். அதே நான் தினமும் காலையில் என் புருஷனுக்கு ஒரு பிட்டு எழுதி சட்டைப் பையில் வைத்தேன். இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி, வீட்டு விலாசம், பெண் பத்தாவது படிக்கிறாள், மாத்திரை சாப்பிட்டாச்சு. எல்லாம் பொடி எழுத்தில். கண்டக்டர் கையல்லவா, இரண்டு விரலால் சீட்டை எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப வைப்பதும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் வாசலிலேயே சத்தமாக, "வாங்கண்ணா, அத்தை எப்படி இருக்காங்க? ஓசூர்லருந்து நேரா வர்றீங்களா?" என்பேன். அதற்குள் வந்திருப்பது யார் என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். சர்ச்சில் ஒருவருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. "தேவலையே, சுத்தமா குணமாயிட்டாரே!" என்று அவர்கள் சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்காது. மூன்று வருஷமாக ஊரையே இப்படி ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த லட்சணத்தில்தான் போர்டுக்குப் போனோம். வராந்தாவில் கண் தெரியாதவர்கள், கட்டைக்கால் வைத்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் சுமந்த அம்மாக்கள். ஃபாரம் கொடுத்த கிளார்க் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். இவருக்கு என்றேன். ஃபாரத்தில் கண், காது, கை கால், தொழுநோய், மூளை வளர்ச்சி, மனநோய் என்று கட்டம் கட்டமாக இருந்தது. விழுந்து மண்டை உடைந்தவனுக்கு ஒரு கட்டமும் இல்லை. எதில் டிக் போடுவது என்று கேட்டேன். "ஏதாவது போடும்மா, க்யூ நிக்குது" என்றார்.

உள்ளே நடு நாற்காலியில் இருந்த வயதான டாக்டர் கன்னடத்தில், "ஏனு சுவாமி, ஆராமா?" என்று சௌக்கியம் விசாரித்தார்.

"ஆராம் சார், ஃபர்ஸ்ட் கிளாஸ்! நீங்க?" என்றார் இவர்.

டாக்டர் சிரித்தார். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். இவர் பையைத் தொட்டார், தேதியைச் சொன்னார். பெண் என்ன படிக்கிறாள்? பத்தாவது. எந்த ரூட்டில் வேலை பார்த்தீர்கள் என்றதும், போதும் போதும் என்கிற வரைக்கும் ஸ்டாப் பெயர்களை அடுக்கினார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது கொஞ்சம் திணறினார். என் வாய் சும்மா இருக்குமா? "இட்லி சார், இவருக்கு இட்லின்னா உயிரு" என்று முந்திக்கொண்டேன். டாக்டர் பேனாவை மூடினார். "அம்மா, என்னைவிட இவர் ஷார்ப்பா இருக்கார். ஊனமெல்லாம் ஒண்ணும் இல்லை, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டி, தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. மாதாவே! வேலையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சோஷியல் ஒர்க்கர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுதான் இருக்கும். மைசூர்ப் பக்கத்துப் பெண், எங்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டாள். தலையில் அடிபட்டவர்களின் வீட்டாரை மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கூட்டிவைத்துப் பேச வைப்பாள். நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, பாதி பதில் அவர் பாக்கெட்ல இருந்துச்சு, மீதி பதில் நீங்க சொன்னீங்க. போர்டு டெஸ்ட் பண்ணது யாரை? உங்களையா, அவரையா?"

"பின்ன, நாலு பேர் முன்னாடி எம்புருஷன் பேந்தப் பேந்த முழிக்கணுமா?"

"ஆமாக்கா. முழிக்கணும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உனக்குக் கல்யாணம் ஆனால்தான் தெரியும் என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மூளையில் அடிபட்டவரைச் சாதாரணமாகப் பேசிப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, முறைப்படி ஞாபக டெஸ்ட் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் எழுதி வாங்கி, போர்டுக்கு மனு போட்டாள். பதில் இல்லை. மறுபடி போட்டாள். எங்கள் கூட்டத்துக்கு வருகிற குடும்பங்களில் இன்னும் நாலைந்து பேருக்கு இதே கதிதான். எல்லோரும் சேர்ந்து அந்த ஆபீஸ் வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம். கடைசியில் மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் கணவரின் ஆபீஸிலிருந்து கடைசி நோட்டீஸ் வந்துவிட்டது. இந்தத் தடவை தவறினால் இன்னொரு தடவை கிடையாது.

"அக்கா, உள்ள நீங்க வாயே திறக்கக் கூடாது. அந்தச் சீட்டும் இருக்கக் கூடாது. அவருக்கு எப்படி இருக்கோ, அப்படியே பார்க்கட்டும்" என்றாள்.

அன்றைக்குச் சவரம் செய்யவில்லை, நல்ல சட்டையும் போடவில்லை. ஆனால் சீட்டை வீட்டிலேயே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சீட்டில்லாமல் அவர் வாசல்படி தாண்டமாட்டார், பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். போர்டு வராந்தாவில் எங்களைக் கூப்பிட்டபோது, "காலர் மடங்கியிருக்கு, இருங்க" என்று அவர் கிட்டே போனேன். ஒரு கையால் காலரைச் சரிசெய்தேன், இன்னொரு கையால் சீட்டை உருவினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதே வயதான டாக்டர். கூடவே டெஸ்ட் எடுக்க ஒரு லேடி டாக்டர். மாம்பழம், நாற்காலி, ஏணி என்று மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு தேதி கேட்டார். இவர் கை பைக்குப் போனது. வெறும் பை. இன்னொரு பையைத் தடவினார். பேன்ட் பைகளைத் தடவினார். "கேலண்டர் பார்க்காத ஆளா மேடம் நீங்க?" என்று ஜோக் அடித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, பொறுமையாகத் திரும்பக் கேட்டார். பெண் என்ன படிக்கிறாள் என்றார்.

"பொண்ணா? குட்டிப் பொண்ணு மேடம். எல்கேஜி சேர்க்கணும்."

காலையில் அந்தக் குட்டிப் பெண்தான் அவருக்கு ஷூ மாட்டிவிட்டாள்.

மூன்று வார்த்தை என்ன என்று கேட்டார். எந்த மூன்று வார்த்தை என்றார் இவர். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"ஏய், எங்கடி அது? எங்க வெச்ச?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உன்னத்தான்டி கேக்குறேன். சொல்லேன், இன்னா படிக்குது நம்ம பொண்ணு? எல்லாரும் பாக்குறாங்கல்ல?"

ஒரே ஒரு வார்த்தை. பத்தாவது என்று சொன்னால் போதும், அவர் முகம் தெளிந்துவிடும். அது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு, ஐயோ, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாலு பஸ் ஆட்களை ஒற்றை விசிலில் அடக்கிய மனுஷன், தேதி தெரியவில்லை என்று அழுதார். என் கைப்பைக்குள் அந்தச் சீட்டு இருந்தது. அந்த நிமிஷம் நான் செத்துப்போயிருக்கலாம்.

வயதான டாக்டர் பேனாவைத் திறந்தார். மனநோய் என்கிற கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் தலையில் அடிபட்டதால் என்று கையால் எழுதினார். நிரந்தரம் என்றும் எழுதினார். வேலை நிலைத்துவிட்டது. வெளியே சோஷியல் ஒர்க்கர் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

திரும்பும்போது அவர் பஸ்ஸில் என்னோடு உட்காரவில்லை. பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தார். இறங்கி வீட்டை நோக்கி நடந்தபோதும் நாலடி தள்ளியே வந்தார். போர்டு, டாக்டர், அழுகை எல்லாம் எப்போதோ தலையைவிட்டுப் போயிருக்கும். சர்ச் சுவர் ஓரத்தில் சட்டென்று நின்றார்.

"எனக்கு உம்மேல கோவம் கோவமா வருது. ஏன்னுதான் தெரியல. நீ எனக்கு இன்னா பண்ண?"

மூன்று வருஷப் பழக்கத்தில், ஒன்றுமில்லையே என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "பண்ணேங்க" என்றேன். சீட்டை எடுத்ததிலிருந்து அவர் அழுதது வரை ஒன்று விடாமல் நடுத்தெருவில் நின்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சர்டிபிகேட் கெடச்சுதா?"

"கெடச்சுதுங்க."

"அப்ப சரி விடு" என்று என் முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து காபி கலந்து கொடுத்தேன். டம்ளரை வாங்காமல் என்னையே உற்றுப் பார்த்தார். "எனக்கு உம்மேல ஏதோ கோவமா இருக்குடி. ஏன்னு தெரியல" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி சர்டிபிகேட் கிடைத்ததா என்று கேட்டார், அப்ப சரி விடு என்றார். சாப்பிடும்போது ஒரு தடவை. படுக்கப்போகும் முன் ஒரு தடவை. மறுநாள் காலையில் எழுந்ததும் ஒரு தடவை. அந்த வாரம் முழுக்க இப்படியே. ஒரு தடவைகூட நான் பொய் சொல்லவில்லை, ஒரு தடவைகூட அவர் மன்னிக்காமல் இருக்கவில்லை. சொல்லி முடித்து அவர் வாயைத் திறக்கிற வரைக்கும், இந்தத் தடவை மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு தடவையும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.