என் தொண்டை அடைத்திருந்த திங்கட்கிழமை

"...கத்திராதீக அக்கா, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். நீங்க கத்துனா அந்தப் பிள்ளை எந்திரிச்சு ஓடும். ஓடுனா முடிஞ்சுச்சு" என்று ஜீப் ஓட்டுகிற காதர் என் காதுக்குள் சொன்னார். சொல்லும்போதே அவருடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியிருந்தது. டீசல் வாசம் அடிக்கிற கை.

எங்களுக்கு முன்னால், ஒரு பஸ் நீளம்கூட இருக்காது, என் மருமகள் தவமணி பாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து, கால் விரல் இடுக்கில் கடித்துக்கொண்டிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு யானை நின்றது. அது அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது.

அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் ராகேல். ஊர் அனுமந்தன்பட்டி. எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் பேச்சுதான் பழக்கம், எழுத்து பழக்கமில்லை. எங்கள் போதகர் ஐயா, "நீங்க பேசுற மாதிரியே எழுதுங்கம்மா, படிக்கிறவங்க கேட்டுக்குவாங்க" என்றார். அந்த தைரியத்தில் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வீட்டில் நானும் தவமணியும்தான். கல்யாணமாகி வந்த பெண் என்று பெயர். நான் உருட்டிக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். தூக்கத்தில் சிரிப்பாள். ஏலக்காய் எடுக்கிற நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் மேகமலைக்கு வேலைக்குப் போவோம். திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்குவோம். அதுவரை எஸ்டேட் லயன் வீட்டில் தங்கல். எங்களை ஏற்றிப்போகிற ஜீப் காதருடையது. உத்தமபாளையத்துக்காரர், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வாயைத் திறந்தால் வண்டியே குலுங்கிச் சிரிக்கும். அவர் சொன்ன கேலிகளை எல்லாம் சேர்த்து வைத்தால் ஒரு சாக்கு நிறையும்.

அந்தக் கேலியில் பாதி என் தொண்டையைப் பற்றியது. எனக்கு ஆண்டவர் கொடுத்த சத்தம் அப்படி. சபையில் எனக்கு மைக் வேண்டாம். ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து உட்காரும். காதர் கேட்பார்: "ஏன்க்கா, ஒங்க சாமி மலைக்கு அங்கிட்டா இருக்காரு? இம்புட்டுச் சத்தம் வைக்கிறீக?" நானும் சிரிப்பேன். எனக்கு அன்பு என்றால் சத்தம்தான். ஆண்டவரை நேசிக்கிறவள் வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மலையில் அந்தச் சத்தத்துக்கு வேறு ஒரு உபயோகமும் உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் யானை நம்மைப் பார்க்காது, நாமும் அதைப் பார்க்க மாட்டோம். தூரத்திலேயே மனுஷச் சத்தம் கேட்டால் அதுவாக ஒதுங்கிப் போய்விடும். அதனால் நடந்து போகிறவர்கள் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ போவார்கள். ஆனால் கிட்டத்தில் வந்துவிட்டால் மூச்சுக் காட்டக் கூடாது. யானை என்று பெயர் சொல்லவும் மாட்டார்கள், பெரியவர் என்பார்கள். "அக்கா பாடிக்கிட்டே முன்னால போனா, பெரியவரு அடுத்த எஸ்டேட்டுக்குக் குடி போயிருவாக" என்பது காதரின் சொல்.

அந்த வாரம் எங்கள் சபையில் உபவாசக் கூடுகை. சனியும் ஞாயிறும் கண்ணீரோடு சத்தமிட்டு ஜெபித்தேன். ஞாயிறு சாயங்காலம் எழுந்து நின்று ஆமென் சொல்ல வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. ஆண்டவருக்காகப் போன தொண்டைதானே, அவரே தருவார் என்று சந்தோஷமாகத்தான் படுத்தேன். திங்கள் காலையில் ஜீப்பில் ஏறினதும் காதர் திரும்பிப் பார்த்தார். "என்னக்கா, இன்னிக்கு ரேடியோவுக்குப் பேட்டரி இல்லியா?" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தவமணிதான் அதிகமாகச் சிரித்தாள். அவளை எதற்காவது கூப்பிட வேண்டும் என்றால் நான் சேலை முந்தானையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிருந்தது. இழுத்தால், "என்ன அத்தை" என்பாள், திரும்பக்கூட மாட்டாள்.

மேலே போனால் மழையில் பாதை அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஜீப் அதற்குமேல் போகாது. மற்ற பெண்கள் பின்னால் வருகிற இன்னொரு ஜீப்புக்காக, அதில் வருகிற சாமான்களுக்காக, அங்கேயே நின்றுகொண்டார்கள். எங்கள் அரிசிச் சாக்கைக் காதர் தலையில் தூக்கிக்கொண்டார். தவமணி கையில் ஒரு துணிப் பை. அதில் உப்பு, வெல்லம், இரண்டு சீப்பு வாழைப்பழம். மூன்று பேரும் நடந்தோம். காதருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, பேசவில்லை. தவமணி சின்னக் கால்காரி, விறுவிறு என்று முன்னால் போய்விட்டாள். பனி கஞ்சித் தண்ணீர் மாதிரி இறங்கியிருந்தது. பாட வேண்டியவளுக்குத் தொண்டை இல்லை.

ஒரு வளைவு திரும்பினோம். பனி கொஞ்சம் விலகியது. தவமணி உட்கார்ந்திருந்தாள். பையைப் பின்னால் தரையில் வைத்து, அதன் காதை இடது மணிக்கட்டில் மாட்டியிருந்தாள். ஏலத்தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு சுவர் நகர்ந்து வருவது போல அது வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. சகோதரிகளே, அவ்வளவு பெரிய உடம்புக்கு ஒரு சருகுச் சத்தம்கூட இல்லை.

நான் கத்திவிட்டேன். "தவமணி, ஓடு" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கத்தினது எனக்கு மட்டும்தான் தெரியும். வெறும் காற்று. அதைப் பார்த்துத்தான் காதர் சாக்கை நழுவவிட்டு என் வாயைப் பொத்தினார். எனக்குச் சத்தம் இல்லை என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருக்கிறது.

என் முதல் ஜெபம் இதுதான்: ஆண்டவரே, என் சத்தத்தைத் திருப்பிக் கொடும். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு நான் ஊமையாகவே இருந்துவிடுகிறேன். கொடும், கொடும் என்று கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.

யானை துதிக்கையை நீட்டியது. பழ வாசம் பிடித்துவிட்டது போல. பையைத் தொட்டது. மெதுவாக இழுத்தது. தவமணியின் கை பின்னால் ஆடியது. என் உயிர் போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவள் திரும்பவில்லை. தலைகூடத் தூக்கவில்லை.

"இருங்க அத்தை, இன்னொண்ணு கடிச்சுக்கிட்டிருக்கு. பிடுங்கிட்டு வந்துர்றேன்" என்றாள்.

யானை காதை ஆட்டுவதை நிறுத்தியது. அப்படி நிறுத்தினால் அது கவனிக்கிறது என்று அர்த்தமாம், பிறகு காதர் சொன்னார். அப்போது அவர் விரல்கள் என் கன்னத்தில் இறுகியது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நான் கேட்காதது பாக்கியில்லை. என்னை எடுத்துக்கொள்ளும் என்றேன். என் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றேன். உபவாசம் இருந்தேனே, அதைப் பாரும் என்றேன். அதையும் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது. கடைசியில் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே காலி. அந்தக் காலியிலிருந்து ஒன்று வந்தது. அப்பா, உம்மை நேசிக்கிறேன்.

கையை உயர்த்தி, கண்ணை மூடி, ஊரே கேட்க நான் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்மேலேயே பயமாக இருக்கும்போது சொன்னதில்லை. இவளை நீர் எடுத்துக்கொண்டாலும் நேசிப்பேன் என்று சொல்லப் பார்த்தேன். வரவில்லை. அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனதில்லை. அவள் வேண்டும், நீரும் வேண்டும், அவ்வளவுதான் சொன்னேன். மறுபடியும் நேசிக்கிறேன் என்றேன். உதடுகூட அசையவில்லை, காதர் கை அழுத்திக்கொண்டிருந்ததே. அந்த நேரத்தில் மனதில் ஒரு சமாதானம் வந்து நிரம்பியது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் வரவில்லை. பயத்துக்குள்ளேயே நின்றுகொண்டு சொன்னேன்.

பை இன்னொரு தடவை இழுபட்டது. கொஞ்சம் பலமாக.

"சரி, நீங்களே கொண்டு வாங்க. கை வலிக்குது" என்று சொல்லி தவமணி மணிக்கட்டிலிருந்து பையின் காதைக் கழற்றி, கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தாள். கொடுத்தாள், ஐயா. மாமியாருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாள். அது வாங்கிக்கொண்டது. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு உடம்பைத் திருப்பி, பையோடு ஏலச் செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது. பனி மூடிக்கொண்டது.

அவள் அட்டையைப் பிடுங்கி எறிந்தாள், எச்சிலைத் தொட்டுக் காயத்தில் தடவினாள், எழுந்து திரும்பினாள். அவ்வளவு தூரத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிற்பதைப் பார்த்தாள்.

"காதர்ண்ணே, எங்க அத்தை வாய எதுக்குப் பொத்துறீக? அவுகளுக்குத்தான் தொண்டையே இல்லியே" என்று சிரித்தாள்.

நாங்கள் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையைப் பார்த்தாள். பை இல்லை. எங்கள் கையைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. அப்போது கீழே ஒரு மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காதர்தான் ஓடிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினார். நழுவவிட்ட சாக்கை மறுபடியும் தலையில் தூக்கிக்கொண்டார், மூன்று பேரும் லயன் வீட்டுக்கு நடந்தோம்.

அங்கே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் குரல் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன். அவள் ஓடியிருப்பாள். அது விரட்டியிருக்கும். எனக்குக் குரல் இருந்திருந்தால் காலையிலிருந்து நான் அவளை முந்தானையைப் பிடித்து இழுத்திருக்க மாட்டேன். பின்னால் இழுப்பது நான்தான் என்று அவள் அமைதியாக உட்கார்ந்திருக்கவும் மாட்டாள். எதைக் கொடும் கொடும் என்று கெஞ்சினேனோ, அதைக் கொடுக்காமல்தான் ஆண்டவர் என் பிள்ளையை எனக்குக் கொடுத்தார்.

சபையில் இதைச் சொன்னபோது ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, நீங்க பாடிக்கிட்டுப் போயிருந்தா யானையே வந்திருக்காதே?" நல்ல கேள்வி. அந்த வளைவில் நின்ற நேரத்தில் நான் கேட்டது கிடைத்திருந்தால் தவமணி இன்றைக்கு இல்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

குரல் மெதுவாகத் திரும்பி வந்தது. இப்போதும் சத்தமாகத்தான் பாடுகிறேன், தெரு நாய் இப்போதும் எழுந்து உட்காருகிறது. ஆனால் விடியற்காலையில், அடுப்புப் பற்றவைக்கும் முன்னால், சுவரோரம் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். அப்போது எதுவும் கேட்பதில்லை. மகனுக்காகக்கூட இல்லை. உம்மை நேசிக்கிறேன் என்று மட்டும், வாய் திறக்காமல். சில நாள் தவமணியும் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். அவள் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. இன்னமும் அவள் முந்தானையை ஏதாவது செடி பிடித்து இழுத்தால் வெலவெலத்துப் போகிறாள். நானும் பனியைப் பார்த்தால் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நாங்கள் பயம் தெளிந்தவர்கள் இல்லை.

இதைப் படிக்கிற யாராவது இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கலாம். கேட்டுக் கேட்டு வார்த்தை தீர்ந்து போயிருக்கலாம். கேட்டது வரவில்லை என்று அவர்மேல் கோபமாகவும் இருக்கலாம். பயம் போன பிறகு அவரிடம் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே சொல்லுங்கள். வேண்டியதையும் சொல்லுங்கள், நேசிக்கிறதையும் சொல்லுங்கள். சத்தம் வராவிட்டால் பரவாயில்லை. எனக்கு வராத சத்தத்தை அவர் கேட்டார்.

காதரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லயன் வீட்டில் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. ஏதோ கேலி சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் பல் பதிந்து சிவந்திருந்தது. கடித்தது எனக்குத் தெரியாது. பிறகு தவமணியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, கை, வாய், முகம், முழங்கை, கால் எல்லாம் நிதானமாகக் கழுவினார். பனியில் சூரியன் தெரியவில்லை. மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். தவமணி கை நீட்டிக் காட்டினாள். தோளில் இருந்த துண்டை உதறி, ஈரச் சிமெண்டுத் தரையில் விரித்து, முட்டி போட்டு, நெற்றியை அதில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.